வீட்டைத் தோளில் தூக்கியவர்கள்

நீங்கள் பொய் சொன்னீர்கள், அண்ணை. லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் எங்கள் ஊர்ச் சங்கத்தின் ஒன்றுகூடலில், ஊர்ச்சனம் முழுவதும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள். என் மனைவியின் ஊரார் எங்கள் வீட்டைப் பிரித்து விற்றுத் தின்றுவிட்டார்கள் என்று சொன்னீர்கள். அவள் முன்வரிசையில் இருந்தாள். அவளுக்குத் தமிழ் விளங்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

அண்ணை என்று எழுதுவது வாய்ப்பழக்கம். அதை மரியாதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் சங்கத் தலைவர். லண்டனில் வீடு வாங்கி விற்றுக் கொடுப்பவர். காணி, வீடு என்று யாராவது வாய் திறந்தால் சனம் உங்கள் முகத்தைத்தான் பார்க்கும். அதனால்தான் நீங்கள் சொன்னதை நம்பினார்கள். நான் கடைகளுக்கு மரக்கறி இறக்கும் வான் ஓட்டுபவன். எனக்கு மைக் தர மாட்டீர்கள். ஆகவே எழுதுகிறேன்.

நான் அவளைச் சந்தித்தது ஒல்லாந்தில். கண்ணாடிக் கூடங்களுக்குள் தக்காளி பிடுங்கும் வேலை. அவள் தரம் பிரிக்கும் மேசையில் நின்றாள். எனக்கு அவளுடைய மொழி தெரியாது, அவளுக்கு என்னுடையது தெரியாது. இரண்டு பேருக்கும் அரைகுறை டச்சு. அந்த அரைகுறையிலேயே காதலித்து, நகரசபையில் கையெழுத்து வைத்தோம். இரண்டாயிரத்துக்குப் பிறகு லண்டனுக்கு வந்து மிச்சத்தில் வாடகைக்கு இருந்தோம். பக்கத்து வீடுகளில் எல்லாம் எங்கள் ஆட்கள். அவள் மதில் பக்கம் நின்று கதைத்துக் கதைத்தே தமிழ் படித்துவிட்டாள். இன்றைக்கு அவள் ஓம் என்றால் பருத்தித்துறைக்காரியின் ஓம்.

அவள் தமிழ் கதைக்கத் தொடங்கிய பிறகுதான் முதல் முறை அவளுடைய ஊருக்குப் போனோம். ஜாவாவின் நடுவில், மலைக்கு மேல். விமானம் இறங்கியபின் ஒரு பகல் முழுவதும் ரயில். பிறகு பஸ். பிறகு கோழிக்கூடுகளை எங்கள் மடியில் வைத்துக்கொண்டு ஏறும் ஒரு சின்ன வான். வான் போகும் வழி முடிந்த இடத்தில் இரண்டு மோட்டார் சைக்கிள்காரர் எங்களையும் பெட்டிகளையும் ஏற்றினார்கள். பெட்டியை முன்னால் பெற்றோல் தாங்கியின் மேல் வைத்து, அதன் மேல் நாடியை வைத்துக்கொண்டு என் ஆள் ஓட்டினான். ஒரு பக்கம் உருளைக்கிழங்குப் பாத்திகள், மறுபக்கம் பாதாளம். ஜாவா என்றால் வெயில் என்று நினைத்து நான் அரைக்கைச் சட்டையோடு போயிருந்தேன். போய்ச் சேர்ந்தபோது பல் கிட்டியது. அங்கே மத்தியானத்தோடு பனிப்புகார் இறங்கும். ஆண்கள் சாரத்தைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு திரிவார்கள். மழையில்லாத மாதங்களின் விடியலில் கிழங்குச் செடியில் உறைபனி விழுந்து இலை கருகிப் போகும். விருந்தாளியை முன் அறையில் இருத்துவதில்லை. நேரே குசினிக்குள் கூட்டிப்போய் அடுப்படியில் இருத்துவார்கள். சூடு அங்கேதான் இருக்கிறது. மூடி போட்ட கிளாசில் தேநீர் வரும். அதைக் குடிக்காமல் எழும்பினால், உங்கள் வீடு எனக்குப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி.

நான் முதலில் தேடியது வேலியை. யாழ்ப்பாணத்தான் வேறு எதைத் தேடுவான். அங்கே வேலி இல்லை. என் மைத்துனருடைய, அதாவது அவளுடைய தமையனுடைய, முற்றத்துக்குக் குறுக்கே ஊர்ப்பாதை போனது. முட்டைக்கோவா மூட்டை சுமந்தவர்கள் அந்த வழியாகத்தான் போனார்கள். போகிற போக்கில் குசினிக்குள் எட்டிப் பார்த்து என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எல்லை எது என்று மைத்துனரிடம் கேட்கச் சொன்னேன். அவர் கையை நீட்டி ஒரு கல்லைக் காட்டினார், பிறகு ஒரு மரத்தைக் காட்டினார். வேலி போடவில்லையா என்றேன். அவள் மொழிபெயர்த்துக் கேட்டாள். அவர் யோசித்துவிட்டுச் சொன்னதை அவள் எனக்குச் சொன்னாள்.

"வேலி போட்டா ஆக்கள் எப்பிடி வாறது எண்டு கேக்கிறார்."

என் தகப்பனும் பெரியப்பனும் ஒரு வேலிக் கதியாலுக்காகச் சாகும் வரை கதைக்காமல் இருந்தவர்கள். நான் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

அந்தப் பயணத்தில்தான் வீடு நடந்ததைக் கண்டேன். அந்த ஊர் வீடுகள் மரப்பலகை வீடுகள். தூண்களை மண்ணுக்குள் புதைப்பதில்லை. தூண், கல்லின் மேல் நிற்கும். ஆணி குறைவு, மரத்துக்குள் மரம் பொருந்தியிருக்கும். புதிதாகக் கலியாணம் முடித்த ஒரு பையன் தகப்பனின் வளவிலிருந்து தன் பங்கு வளவுக்கு வீட்டைக் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோவது என்றால் பிரித்து அல்ல. கூரை ஓடுகளை மட்டும் கழற்றினார்கள். தூண்களுக்குக் குறுக்கே மூங்கில் கட்டினார்கள். ஊர் ஆண்கள் எல்லாரும் வீட்டுக்குள்ளும் வெளியிலும் புகுந்து மூங்கிலுக்குத் தோள் கொடுத்தார்கள். ஒருவர் குரல் கொடுத்தார். வீடு எழும்பியது. கதவோடும் யன்னலோடும் எழும்பிப் பாதை வழியே போனது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். மைத்துனர் என் கையைப் பிடித்து ஒரு மூங்கிலுக்குக் கீழே தள்ளிவிட்டார். என் தோள் மற்றவர்களின் தோளைவிட உயரம். அதனால் பாரம் கூடுதலாக என் மேல்தான் விழுந்தது. சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு கூலி இல்லை, சாப்பாடுதான். அதற்கு அவர்கள் சம்பாத்தான் என்று பெயர் சொன்னார்கள். இன்றைக்கு உன் வீட்டுக்கு என் தோள், நாளைக்கு என் வீட்டுக்கு உன் தோள். தோள் சிவந்து தோல் உரிந்திருந்தது. அவள் எண்ணெய் பூசிவிட்டு, இனி உங்களுக்கும் இந்த ஊர் தோள் தரவேண்டும் என்றாள். அதை நான் பெரிதாக எடுக்கவில்லை.

பிறகு நாங்களும் ஒரு வீடு வாங்கினோம். கீழ் ஊரில் ஒருவர் கல்வீடு கட்டப் போனார், அவருடைய பழைய மரவீட்டை எடுத்தோம். லண்டனில் ஒரு குளியலறை திருத்தும் காசுதான். அதைப் பிரித்து லொறியில் ஏற்றிவந்து மைத்துனரின் காணியின் கீழ்ப் பக்கத்தில் திரும்பப் பூட்டி நிறுத்தினார்கள். நான் கதவுக்கு நீலப் பூச்சு அடித்தேன். மிச்சத்துக் கடையில் வருடப்பிறப்புக்குத் தந்த முருகன் கலண்டரை உள்ளே கொழுவினேன்.

காணி மைத்துனருடைய பெயரில்தான் இருந்தது. அந்த நாட்டில் வெளிநாட்டுக்காரன் காணி வாங்க முடியாது. வெளிநாட்டுக்காரனைக் கட்டியவளின் பெயரில் எழுதுவதும் சிக்கல். இதை அந்த நேரமே உங்களுக்குச் சொன்னேன், அண்ணை. நீங்கள் காணி உறுதிப் பத்திரம் யாருடைய பெயரில் என்று கேட்டீர்கள். சொன்னதும் சிரித்தீர்கள். ஊருக்குக் காசு அனுப்பிப் பிறத்தியானுக்கு மாளிகை கட்டிய விசரன் என்றீர்கள். நான் அதையும் பகிடி என்று விட்டேன்.

சில வருடங்களுக்குப் பிறகு நீங்கள் குடும்பத்தோடு பாலித்தீவுக்குச் சுற்றுலா போனீர்கள். வழியில் ஜாவாவின் பெரிய கற்கோயிலையும் பார்ப்பதாகச் சொன்னீர்கள். அங்கேயிருந்து அவளுடைய ஊருக்குக் காரில் ஏறி இறங்கலாம், ஒருக்கால் போய்ப் பார்க்கிறேன், காணி நிலவரம் சொல்கிறேன் என்றீர்கள். நான் உங்களைக் கேட்கவில்லை. நீங்களாகத்தான் சொன்னீர்கள். அவள் சந்தோசப்பட்டு, தமையனுக்கு ஒரு தடித்த குளிர்ச்சட்டை வாங்கிப் பொதி கட்டித் தந்தாள். விடியலில் உறைபனிக்குள் தோட்டத்துக்குப் போகிற மனிதன் அவர். வீட்டின் படம் ஒன்றும் தந்தோம். ஊரில் யாரிடம் காட்டினாலும் வழி சொல்வார்கள் என்றோம்.

நீங்கள் திரும்பி வந்து எங்களுக்கு ஒரு போன்கூட எடுக்கவில்லை. ஒன்றுகூடல் வரும் வரை பொத்தி வைத்திருந்தீர்கள்.

அன்றைக்கு மண்டபத்தில் சுற்றுலாப் படங்களைத் திரையில் காட்டினீர்கள். கடற்கரை, குரங்கு, கற்கோயில். பிறகு ஒரு வெறும் நிலம். பின்னால் பள்ளத்தாக்கு, புகார், நல்ல வடிவான படம். இதுதான் எங்கள் தம்பியின் ஜாவா மாளிகை என்றீர்கள். சனம் சிரித்தது. உறுதி இல்லாமல் வீடு வாங்கினால் இதுதான் நடக்கும், பெண் எடுத்த இடத்து ஆட்கள் பலகை பலகையாக விற்றுத் தின்றுவிட்டார்கள் என்றீர்கள். பிறகு அந்தப் பொதியை, கட்டு அவிழ்க்காமல், எங்கள் மேசையில் கொண்டுவந்து வைத்தீர்கள். கொடுக்க வீடே இல்லை என்றீர்கள்.

அவள் எழும்பினாள். பொது இடத்தில் வாய் திறக்கிறவள் இல்லை அவள். அவர்களின் பழக்கத்தில் சபையில் ஒருவரை மறுத்துப் பேசுவது பெரிய பிழை. எழும்பி நின்று, கையை முன்னால் கட்டிக்கொண்டு சொன்னாள்.

"வித்திருக்க மாட்டினம், அண்ணை. வீட்டைத் தூக்கி வேற இடத்தில வைச்சிருப்பினம்."

பின்னாலிருந்து ஒருவன், வீட்டுக்குக் கால் முளைச்சிட்டுதோ மச்சாள் என்றான். மண்டபம் அதிர்ந்தது. நீங்கள் சிரிப்பு அடங்கும் வரை பொறுத்திருந்து மைக்கில் சொன்னீர்கள்.

"உறுதி இல்லாத வீடு நடக்கத்தான் செய்யும், தங்கச்சி."

நான் எழும்பி என் கண்ணால் கண்டதைச் சொல்லப் பார்த்தேன். மைக் உங்கள் கையில். அடுத்த நிகழ்ச்சி என்று பாட்டுப் போட்டுவிட்டீர்கள்.

ட்ராமில் திரும்பி வரும்போது அவள் மடியில் அந்தப் பொதி இருந்தது. அழவில்லை. நீங்கள் நம்புகிறீர்களா என்று என்னைக் கேட்டாள். நம்புகிறேன் என்றேன். நான் தோள் கொடுத்தவன், எனக்கு அதில் நம்பிக்கை தேவையில்லை, தெரியும்.

"உங்களுக்குத் தெரியும். அவைக்கு நான் பொய் சொன்னவள்தானே," என்றாள்.

அடுத்த நாள் தொலைபேசி அட்டை ஒன்று வாங்கி மைத்துனருக்கு எடுத்தோம். அவருடைய போனுக்கு மலைமேல் பள்ளிவாசலடியில்தான் சிக்னல் கிடைக்கும், மனிதன் அங்கே ஏறி வரும் வரை காத்திருந்து கதைத்தோம். ஓம், மழைக்கு மலைச்சரிவில் வெடிப்பு விழுந்தது, அதனால் வீட்டை மேலே தூக்கி வைத்தோம், பத்திரமாக இருக்கிறது என்றார். ஏன் சொல்லவில்லை என்று அவள் சத்தம் போட்டாள். நல்லபடியாக முடிந்த காரியத்தைச் சொல்லித் தூரத்திலிருப்பவர்களை ஏன் பயப்படுத்துவான், வரும்போது கண்டு சிரிப்பீர்கள் என்று இருந்தோம் என்றாராம்.

உடனே உங்களுக்கு எடுத்துச் சொன்னேன். என்ன சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா? அவன் அப்படித்தானே சொல்லுவான், படம் பொய் சொல்லுமோ என்றீர்கள்.

அந்தக் கதை லண்டன் முழுக்கப் போனது. கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊர்க் கடைக்குப் பெட்டி இறக்கப் போனால், வீடு இப்ப எந்த ஸ்டொப்பில நிக்குது என்று கடைக்காரர் கேட்டார். லூயிஷாமில் தேர் பார்க்கப் போன இடத்தில் ஒரு பெண்பிள்ளை என் மனைவியிடம், ஊர் ஆட்களை இனி நம்பாதேங்கோ அக்கா என்று இரங்கினாள். அவளுக்குக் கேலியைவிட அந்த இரக்கம்தான் சுட்டது. அதன் பிறகு அவள் எங்கள் சனம் கூடும் இடம் எதற்கும் வரவில்லை. அவளுடைய கையால் பொரித்த பலகாரத்தை ஒவ்வொரு ஒன்றுகூடலிலும் நீங்கள் தின்றிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு அவள் அந்த மண்டபத்துக்கு ஒன்றும் பொரிக்கவில்லை.

லீவு கிடைத்ததும் போனோம். அதே ரயில், அதே பஸ், அதே கோழி. இந்த முறை நான் குளிர்ச்சட்டை போட்டிருந்தேன். மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கி நேரே பழைய இடத்துக்கு நடந்தேன். உங்கள் படத்தில் இருந்த நிலத்தில் பாதி இல்லை. நீங்கள் வந்து போன பிறகு பெய்த மழையில் இடிந்து பள்ளத்துக்குள் போயிருந்தது. நீங்கள் படம் எடுக்க நின்ற இடம் மட்டும் மிச்சம் இருந்தது. நான் அதில் நின்றேன். பள்ளத்தாக்குப் பக்கம் பார்த்தேன், வடிவுதான். பிறகு திரும்பிப் பார்த்தேன்.

மேலே என் வீடு நின்றது. நீலக் கதவு. ஒரு கூப்பிடு தூரம்கூட இல்லை, அண்ணை. உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றது.

அவள் என்னைத் தாண்டி ஓடினாள். நான் போய்ச் சேர்ந்தபோது கதவைத் திறந்து உள்ளே நின்று பலகையைத் தடவிக்கொண்டிருந்தாள். ஒரு யன்னல் கண்ணாடி உடையவில்லை. முருகன் கலண்டர் அதே ஆணியில் தொங்கியது. மலை ஏறிய வீட்டுக்குள் கலண்டர் விழாமல் தொங்கியது.

மாலையில் அடுப்படியில் இருந்து மைத்துனர் நடந்ததைச் சொன்னார். வெடிப்புக்குக் கீழே இருந்தது எங்கள் வீடு மட்டும் அல்ல. இன்னும் சில வீடுகள் இருந்தன, அவருடையதும் ஒன்று. மழை விட்ட இடைவெளியில் தூக்க வேண்டும், எதை முதலில் என்று ஊர் கூடிக் கதைத்தார்களாம். என் வீட்டை முதலில் தூக்குங்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. ஊர்ப் பெரியவர்தான் முடிவு சொன்னாராம். அதை அவள் எனக்கு மொழிபெயர்த்தாள்.

"ஆளில்லாத வீடு முதல். ஆள் இருக்கிற வீட்டை ஆள் பாப்பான். ஆளில்லாத வீட்டை ஊர்தானே பாக்கோணும் எண்டு சொன்னவராம்."

மேட்டுக்குத் தூக்குவது இலேசான வேலை இல்லை. பக்கத்து ஊரிலிருந்தும் ஆட்கள் வந்தார்களாம். ஓடுகளைப் பெண்கள் வரிசையில் நின்று கைக்குக் கை மாற்றி ஏற்றினார்களாம். அன்றைக்கு என்னோடு மூங்கிலுக்குக் கீழே நின்று சிரித்தவர்கள், இது அந்த நெட்டையனின் வீடு, அவன் ஏற்கெனவே தன் பங்கைத் தூக்கிவிட்டான் என்று சொல்லிச் சொல்லித் தூக்கினார்களாம். மேலே இடம் கொடுத்தது ஒரு விதவைத் தாய். அவருடைய கோவாத் தோட்டத்தில் ஒரு துண்டு. அதற்குப் பதிலாக மைத்துனர் தன் கிழங்குப் பாத்தியில் ஒரு துண்டைக் கொடுத்தார். அதற்கும் உறுதி இல்லை. ஊர் முழுவதும் இருந்து சோறு தின்றது. அதுதான் சாட்சி.

அந்தத் தாய் நீங்கள் வந்ததைக் கண்டவர். தொப்பி போட்ட ஒரு மனிதர் காரை விட்டு இறங்கி நிலத்தைப் படம் எடுத்தார், வாருங்கள் தேநீர் குடியுங்கள் என்று நான் வாசலில் நின்று கூப்பிட்டேன், கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார் என்றார். அவர் எங்கள் ஊரில் ஏதாவது குறை கண்டாரா, கோபமாகப் போனாரா என்று என்னிடம் கவலையாகக் கேட்டார். நீங்கள் கூப்பிட்ட குரலுக்கு அந்த முற்றத்துக்கு ஏறியிருந்தால், அவர் என் நீலக் கதவுக்கு முன்னால்தான் உங்களை இருத்தியிருப்பார். நான் அந்தத் தாய்க்கு என்ன பதில் சொல்வது? அவருக்கு அவசரம் என்றேன். உங்களுக்காக நான் சொன்ன பொய் அது.

குளிர்ச்சட்டையை மைத்துனர் போட்டுப் பார்த்தார். கை நீளம் கூடிப்போனது. மடித்துவிட்டுக்கொண்டு அடுத்த நாள் விடியலிலேயே அதோடு தோட்டத்துக்குப் போனார்.

நீங்கள் ஏன் அப்படி நினைத்தீர்கள் என்று நான் திரும்பி வரும் வழி முழுக்க யோசித்தேன். வெறும் நிலத்தைக் கண்டதும் பிரித்து விற்றுவிட்டார்கள் என்று உங்களுக்கு ஏன் உடனே பட்டது? காரணம் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். நாங்கள் போருக்குள் வீட்டை விட்டு ஓடியவர்கள். என் தகப்பனின் கல்வீட்டுக்கு உறுதி இருந்தது, வேலி இருந்தது, படலை இருந்தது. திரும்பிப் போனவர்கள் பார்த்தபோது ஓடு இல்லை, கதவு இல்லை, யன்னல் இல்லை. அதைக் கழற்றியது ஆமி மட்டும் இல்லை, அண்ணை. யார் வீட்டுக் கதவு யார் வீட்டில் தொங்கியது என்று அந்த மண்டபத்தில் இருந்த பாதிப்பேருக்குத் தெரியும். ஆளில்லாத வீட்டுக்கு எங்களிடம் நடந்தது அதுதான். அதையே அந்த மலைச்சனத்தின் தலையில் கட்டினீர்கள். அவர்கள் எங்களைப் போல இல்லை. அவர்களிடம் ஆளில்லாத வீடு முதல் வீடு.

எனக்கு லண்டனில் ஒரு கல்கூடச் சொந்தமில்லை. பிறந்த ஊரில் சுவர் மட்டும் நிற்கிறது. ஆனால் உலகத்தில் ஒரு மலையில், நான் இல்லாத நேரத்தில், மழைக்குள் என் வீட்டைத் தங்கள் வீட்டுக்கு முதல் தூக்கிய ஊர் ஒன்று இருக்கிறது. அது என் மனைவியின் ஊர். நீங்கள் விற்றுக் கொடுத்த வீடுகளை எல்லாம் ஒன்றாக அடுக்கினாலும் அந்தப் பெருமைக்குக் கிட்ட வராது.

படங்களோடு, வீடு வாங்கி விற்கும் உங்கள் கந்தோருக்கு வந்தேன். நீலக் கதவைப் பார்த்தீர்கள், கலண்டரைப் பார்த்தீர்கள். முகம் கறுத்தது. பிறகு சொன்னீர்கள்.

"சரி தம்பி, விடும். சனம் அதை மறந்திட்டுது."

சனம் மறக்கவில்லை. நேற்றும் பார்க்கிங்கில் கேட்டார்கள். நீங்கள் மன்னிப்பு என்று என்னிடம் தனியாக வந்து சொன்னாலும் எனக்கு வேண்டாம். ஒளித்து வைத்துச் சொல்லவில்லையே நீங்கள், சனத்துக்கு முன்னால் சொன்னீர்கள். சனத்துக்கு முன்னாலேயே பதில் வர வேண்டும்.

அடுத்த ஒன்றுகூடலுக்கு அவளைக் கூட்டி வருவேன். வரமாட்டேன் என்கிறாள், ஆனாலும் கூட்டி வருவேன். அதே முன்வரிசையில் இருப்பாள். அதே மைக்கை எடுங்கள். அந்த ஊரில் நீங்கள் யாரிடம் விசாரித்தீர்கள், யார் வீட்டுத் தேநீரைக் குடித்தீர்கள், விற்றுத் தின்றதாக யார் சொன்னார்கள் என்று சனத்துக்குச் சொல்லுங்கள். ஒருவரும் சொல்லவில்லை என்றால் அதையும் அந்த மைக்கிலேயே, அவளுடைய முகத்தைப் பார்த்து, தமிழில் சொல்லுங்கள்.